வயிற்றுப்புண்: காரணங்களும் அறிகுறிகளும்



நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று என்பதை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிவர். மருந்தை வாங்கிக் கொடுப்பது மட்டுமே ஔடத தானம் ஆகாது. நோயைப் பற்றிய நேரிய அறிவை மற்றவர்க்கு எடுத்துரைப்பதும் அதில் அடங்கும். நம் சமணச் சான்றோர் அறநூல்களுக்கே மருந்தின் பெயரைச் சூட்டியவர்கள். காரியாசானின் சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியாரின் ஏலாதியும் அவ்வாறு பெயர் பெற்றவையே. அம்மரபை நினைவிற்கொண்டு, நம் இல்லங்களில் பலரும் வெளியில் சொல்லாமல் தாங்கிவரும் ஒரு நோயை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்கின்றோம். அது வயிற்றுப்புண். மக்கள் வழக்கில் 'அல்சர்' எனப்படுவதும், சித்த மருத்துவ நூல்கள் குன்மம் என்னும் தலைப்பின்கீழ்க் கூறும் நோய்களுள் அடங்குவதும் இதுவே.

நாம் இதனை எழுதுவது திருவண்ணாமலையிலிருந்து. வந்தவாசி, ஆரணிப் பகுதி அன்பர்கள் தங்கள் மாவட்டத் தலைநகர் என்று எண்ணிவிட வேண்டா. இது விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, சிறு குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட சிற்றூர். ஆசிரியப் பணி நிமித்தமாக இப்பகுதிக்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் இங்கேயே தங்கிவிட்டோம். இந்த வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே இப்பாடத்திற்குக் காரணம்.

ஒரு நிகழ்ச்சி

2012 ஆம் ஆண்டு தசலட்சண பர்வத்தின்போது நம் தமக்கையார் ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது எழுபது. பத்து நாளும் ஒருவேளை மட்டும் உண்ணும் ஏகபுக்த நோன்பை மேற்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காக மூன்று மாதமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை உண்டுவந்தார். நோன்பு நாள்களிலும் காலையில் வெறும் நீருடன் அம்மாத்திரையை விழுங்கியதை நாம் பின்னரே அறிந்தோம்.

ஆறாம் நாள் அவருக்கு மலம் தார்போலக் கறுத்துப் போயிற்று. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நோன்பை முறிக்கச் சொல்வார்களே என்னும் அச்சம் ஒன்று. இதைப் போய் எப்படிச் சொல்வது என்னும் நாணம் மற்றொன்று. ஏழாம் நாள் காலை, கொல்லைப்புறம் சென்றவர் அங்கேயே மயங்கி விழுந்தார். உடல் வேர்வையால் நனைந்திருந்தது. கண்ணின் உட்புறம் வெளுத்திருந்தது. 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஹீமோகுளோபின் 5 கிராம் அளவிற்குக் குறைந்திருந்தது. மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினர். இரைப்பைக்குள் புண் உண்டாகி, அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கின்றது.

அவருக்கு வயிற்றுவலியே இல்லை என்பதுதான் நம்மை மிகவும் திகைக்க வைத்தது. வயிற்றுப்புண் என்றால் வலி இருக்கும், எரிச்சல் இருக்கும் என்றே நாம் எண்ணியிருந்தோம். நாற்பது ஆண்டுக்கு அருகில் மாணவர்க்கு உடல்நலப் பாடம் நடத்திய நாமே இதனை அறியாதிருந்தோம். ஆகவே நோயை அடி முதல் கற்கத் தொடங்கினோம். கற்றதை உங்கள் முன் வைக்கின்றோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாத பொருளை விளக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் நெறி. நம் அடுக்களையில் உள்ள பித்தளைப் பாத்திரத்தை எண்ணிப் பாருங்கள். உட்புறம் ஈயம் பூசியிருக்கும்வரை அதில் புளிக்குழம்பு காய்ச்சலாம், ரசம் வைக்கலாம். ஈயம் தேய்ந்துவிட்டால் அதே புளி பித்தளையை அரித்துக் களிம்பேற்றிவிடும். குற்றம் புளியினுடையதன்று, ஈயம் போனதே குற்றம்.

நம் இரைப்பையும் அத்தகையதே. அது நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் செரிமான நீரைச் சுரக்கின்றது. அந்நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்னும் பொருளும் உள்ளன. பருப்பையும் பாலையும் கரைக்கவல்ல இந்நீர் இரைப்பையையே ஏன் கரைப்பதில்லை? அதன் உட்சுவரில் வழவழப்பான சளிப்படலம் ஒன்று ஈயப்பூச்சுப்போல் படர்ந்துள்ளது. அமிலத்தின் கடுமையை அடக்கும் காரப்பொருளும் அப்படலத்தோடு சுரக்கின்றது. உட்சுவரின் மேல்திசுக்களும் சில நாள்களுக்கு ஒருமுறை புதிதாக வளர்ந்துகொள்கின்றன.

இந்தக் காப்பு ஓரிடத்தில் குலையும்போது அமிலநீர் சுவரை அரித்துக் குழியாக்குகின்றது. அதுவே வயிற்றுப்புண். குழி இரைப்பையில் தோன்றினால் இரைப்பைப் புண் என்றும், இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் தோன்றினால் முன்சிறுகுடற்புண் என்றும் பெயர் பெறும். ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா, 'புளி எங்கிருந்து வந்தது?' என்பதன்று, 'ஈயத்தைத் தேய்த்தது எது?' என்பதே. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் நோயின் காரணத்தை முதலில் ஆராயுமாறே பணிக்கின்றது.

காரணத்தைத் தேடிய வரலாறு

நாம் பணியில் சேர்ந்த தொடக்கத்தில், 1974 ஆம் ஆண்டளவில், உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் இந்நோயால் வாடினார். காரத்தையும் கோபத்தையும் விட்டுவிடும்படி அவருக்கு எல்லோரும் அறிவுரை கூறினர். இரண்டு மணிக்கொருமுறை பால் பருகச் சொன்னார்கள். பால்கோவாவுக்குப் பெயர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்குப் பஞ்சம் ஏது? அவரும் குவளை குவளையாகப் பருகினார். பருகியவுடன் எரிச்சல் தணியும். சற்று நேரத்தில் முன்னிலும் மிகுதியாக எழும். பால் அமிலத்தைச் சிறிது நேரம் தணித்தாலும், அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன என்பதை இன்று அறிகின்றோம். முடிவில் அவருக்கு அறுவை மருத்துவம் செய்தனர். அதன்பின் அவர் பழைய வலிமையைப் பெறவே இல்லை. அந்நாளில் மருத்துவ உலகம் அறிந்திருந்த அளவு அவ்வளவே.

தென்னாட்டில் இந்நோய் மிகுதி என்பது நெடுங்காலமாகவே மருத்துவர் கண்ட செய்தி. 1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் மலையேறச் சென்ற குழுக்களில் இடம்பெற்றிருந்த ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், பின்னர் நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். நெய்யூர் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கு வயிற்றுப்புண்ணுக்காக அறுவை செய்துகொள்ள வந்தவர் பலர். அவரும் ஆர் என்னும் மருத்துவரும் தம் பட்டறிவை 1936 ஆம் ஆண்டு பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டனர். அப்பகுதி ஏழை மக்களின் உணவான மரவள்ளிக் கிழங்கு காரணமோ என்னும் ஐயம் அக்காலத்தில் எழுந்தது.

பின்னர் இரயில்வே மருத்துவரான மல்கோத்ரா, வடநாட்டு ஊழியரையும் தென்னாட்டு ஊழியரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அரிசி உண்ணும் தென்னாட்டவரிடம் இந்நோய் மிகுதி என்றும், கோதுமை உண்ணும் வடநாட்டவரிடம் குறைவு என்றும் 1960களில் எழுதினார். நன்கு மென்று உண்ணவேண்டிய நார்மிகுந்த உணவு உமிழ்நீரைப் பெருக்கிக் காக்கின்றது என்பது அவர் கருத்து. மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் அறுவை மருத்துவரும் தீட்டிய அரிசி உண்ணும் பகுதிகளையும், தீட்டாத தானியம் உண்ணும் பகுதிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்.

இவர்கள் கண்ட வேறுபாடு உண்மையே. உணவு ஓரளவு துணைசெய்யலாம். ஆயினும் முதற்காரணம் உணவு அன்று. கிழங்கு உண்ணாத நம் இல்லங்களிலும் இந்நோய் வந்ததே! காரணம் வேறோரிடத்தில் மறைந்திருந்தது.

முதற்காரணம்: கிருமி

ஆஸ்திரேலிய நாட்டுப் பெர்த் நகரில், 1979 ஆம் ஆண்டு, ராபின் வாரன் என்னும் நோய்க்குறி ஆய்வாளர் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி வாழாது என்றே அன்றைய நூல்கள் கூறின. பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் 1981 ஆம் ஆண்டு அவருடன் இணைந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கச் செய்த முயற்சிகள் தொடர்ந்து தோல்வியுற்றன. 1982 ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் எறியப்படும் வளர்ப்புத் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமிகள் வளர்ந்திருந்தன. அவை மெதுவாக வளர்பவை என்பது அப்போதுதான் புலனாயிற்று.

பலர் அதனை நம்பவில்லை. 1984 ஆம் ஆண்டு மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாளில் வாந்தியுற்றார். பத்து நாளுக்குள் அவரது இரைப்பையில் அழற்சி தோன்றியதை ஆய்வு காட்டிற்று. இருவர்க்கும் 2005 ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அக்கிருமி இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என வழங்கப்படுகின்றது.

இதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்திற்குள் புகுந்து தங்குகின்றது. அங்கு அழற்சியை உண்டாக்கிக் காப்பைக் குலைக்கின்றது. சிலர்க்கு அமிலம் மிகுதியாகச் சுரக்கவும் தூண்டுகின்றது. அந்த அமிலம் முன்சிறுகுடலில் வழிந்து அங்குப் புண்ணை உண்டாக்குகின்றது.

நம் நாட்டு வளர்ந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்கிருமி உள்ளது. அஞ்ச வேண்டா, அவர்களுள் பத்தில் ஒருவர் அளவிலேயே புண் தோன்றுகின்றது. பெரும்பாலும் இளமையிலேயே வீட்டாரிடமிருந்தும், தூய்மையற்ற நீரிலிருந்தும் பற்றுகின்றது. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகும் நம் மரபு இங்கு நன்கு துணைசெய்கின்றது. ஆனால் துணியால் வடிகட்டுவது மட்டும் இத்துணைச் சிறிய கிருமியைத் தடுக்காது. கொதிக்க வைத்தலே பயன் தரும். குழந்தைக்கு உணவை மென்று ஊட்டுதல், எச்சில் குவளையைப் பகிர்தல் ஆகியவற்றை விலக்குக. கழிப்பறை சென்ற பின்னும், சமைக்கும் முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுக.

இரண்டாம் காரணம்: வலி மாத்திரை

நம் தமக்கையாரை வீழ்த்திய காரணம் இதுவே. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபென், டைக்குளோஃபெனாக் முதலிய வலி, வீக்க மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதைத் தடுக்கின்றன. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் மிகுவிப்பது அப்பொருள். இரைப்பையில் சளிப்படலத்தைப் பேணிக்காப்பதும் அப்பொருளே. மாத்திரை இரண்டையும் சேர்த்தே நிறுத்திவிடுகின்றது. மூட்டு வலி குறையும்; வயிற்றின் ஈயமும் தேயும்.

இங்குப் பலர் தவறாக எண்ணும் செய்திகள் உள்ளன. உணவுக்குப் பின் உண்டால் தீங்கில்லை என்பர். உணவோடு உண்பது எரிச்சலைக் குறைக்கலாம். புண் வராமல் முற்றும் காக்காது. ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குப் போகாதே என்பர். மருந்து இரத்தத்தின் வழியாகச் செயற்படுவதால் ஊசியும் அதே தீங்கைச் செய்யும். அறுபதைக் கடந்தோர், முன்பு புண் வந்தோர், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர், ஸ்டீராய்டு மருந்தும் சேர்த்து உண்போர் ஆகியோர்க்கு அபாயம் மேலும் மிகுதி. கிருமியும் இருந்து மாத்திரையும் சேர்ந்தால் தீங்கு பெருகும். நம் தமக்கையாரிடம் இரண்டும் இருந்தன.

பாராசிட்டமால் இவ்வகையைச் சேர்ந்ததன்று. மருத்துவர் சொல்லும் அளவில் அது வயிற்றுக்குப் பாதுகாப்பானது. மற்றொரு செய்தியையும் மறவாதீர்கள்: இதய நோய்க்காகச் சிறிதளவு ஆஸ்பிரின் உண்பவர் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமே நிறுத்திவிடலாகாது. அது வேறு பெருந்தீங்கை விளைக்கக்கூடும். மருத்துவரிடம் கேட்டால், வயிற்றைக் காக்கும் மாத்திரையையும் சேர்த்துத் தருவார்.

துணைக் காரணங்கள்

புகைத்தல் புண் வருவதற்கும், வந்த புண் ஆறாமைக்கும் துணை நிற்கின்றது. இராஜபாளையத்து நூற்பாலைகளில் முறைமாற்றிப் பணிபுரிந்த மாணவரின் தந்தையர் சிலரை நாம் அறிவோம். இரவு முழுதும் கண்விழிப்பு, பசிக்குத் தேநீர், களைப்புக்குப் பீடி என அவர்கள் காலம் கழிந்தது. நேரம் தவறி உண்பதால் புண் வந்தது என்பர். உண்மையில் கிருமியும் பீடியும் சேர்ந்தே பெரிதும் தீங்கு செய்தன. நேரம் தவறிய உணவு வேதனையை மிகுவித்தது. மதுவும் உட்சுவரை அழற்சியுறச் செய்யும். மிளகாயும் கவலையும் எரிச்சலைக் கூட்டலாம். அவை மட்டும் தனித்துப் புண்ணை உண்டாக்கியதாகக் கொள்ள இடமில்லை. கோபக்காரர்க்குத்தான் இந்நோய் வரும் என்று நோயாளியைப் பழிப்பதை இனியேனும் விட்டுவிடுவோம்.

அறிகுறிகள்

மேல்வயிற்றில், மார்பெலும்பின் கீழே, எரிவதுபோன்ற அல்லது கடிப்பதுபோன்ற வலி தோன்றுவது பொதுவான அறிகுறி. முன்சிறுகுடற்புண் உள்ளவர்க்கு வயிறு வெறுமையாக உள்ளபோதும், நள்ளிரவுக்குப் பின்னும் வலி எழுந்து, ஏதேனும் உண்டால் தணியும். இரைப்பைப் புண் உள்ளவர்க்கு உண்டபின் வலி கூடுவதும், அதனால் உணவுக்கு அஞ்சி உடல் மெலிவதும் உண்டு. வயிறு உப்புதல், சிறிது உண்டாலே நிறைந்துவிட்டது போலிருத்தல், குமட்டல் ஆகியனவும் காணப்படலாம்.

இதில் நம் இல்லங்களுக்கெனவே ஒரு குறிப்பு உண்டு. கதிரவன் மறைந்தபின் உண்ணாத நமக்கு, நள்ளிரவில் எழும் எரிச்சலைப் பசி என்று ஒதுக்கிவிடுவது எளிது. 'பழகிவிடும்' என்று மருமகளிடமும் சொல்லிவிடுகின்றோம். உடல்நலம் உள்ளவர் பசியால் நாள்தோறும் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்வதில்லை. இரண்டு வாரத்திற்கு மேல் அவ்வாறு நேர்ந்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

மற்றொரு குறிப்பு, முதியோர்க்கும் வலி மாத்திரை உண்போர்க்கும் உரியது. இவர்க்கு வலி சிறிதும் இல்லாமலே புண் வளர்ந்து, இரத்தக்கசிவே முதல் அறிகுறியாக வெளிப்படலாம். நம் தமக்கையார்க்கு நேர்ந்தது அதுவே.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

கீழ்க்காணும் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்க.

1. மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடுநாற்றத்துடன் போதல். இது புண்ணிலிருந்து கசிந்த இரத்தம் அமிலத்தால் நிறம் மாறியதாகும். இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்க்கும் மலம் கறுக்கும். ஆயினும் அதுதான் காரணமென்று தாமே முடிவு செய்துவிடலாகாது.
2. இரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி.
3. எழுந்து நிற்கையில் மயக்கம், வேர்வை, படபடப்பு, முகம் வெளுத்தல்.
4. திடீரெனக் கத்தியால் குத்தியது போன்ற கடுவலியுடன் வயிறு பலகைபோல் இறுகுதல். புண் சுவரைத் துளைத்துவிட்டதன் குறி இது. அறுவை மருத்துவம் உடனே தேவைப்படும்.

முதல்நாள் உண்டது மறுநாள் செரிக்காமல் வாந்தியாதல், காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் இடர், இரத்தசோகை ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூறுக. இரைப்பைப் புற்றுநோயும் தொடக்கத்தில் புண்போலவே தோன்றுவதுண்டு.

இன்னும் ஒன்று: மேல்வயிற்று வலியெல்லாம் 'வாயு' அன்று. மாரடைப்பும் சிலர்க்கு, குறிப்பாக முதியோர்க்கும் பெண்டிர்க்கும் நீரிழிவு உள்ளோர்க்கும், மேல்வயிற்று வலியாகவே தோன்றும். வேர்வையும் மூச்சுத்திணறலும் உடன் இருந்தால் சோடாவும் சீரக நீரும் கொடுத்துக் காலம் கழிக்கலாகாது.

ஆய்வும் மருத்துவமும்

வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளே நேராகக் காணும் எண்டோஸ்கோப்பி ஆய்வு புண்ணை உறுதிசெய்யும். சில நிமிடங்களில் முடியும் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அப்போதே சிறு திசுவை எடுத்துக் கிருமி உண்டா என்றும் பார்ப்பர். மூச்சுக்காற்று ஆய்வாலும் மல ஆய்வாலும்கூடக் கிருமியை அறியலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை உண்டுகொண்டிருந்தால் கிருமி இருந்தும் ஆய்வில் தெரியாமற் போகலாம். ஆகவே எம்மாத்திரை உண்கின்றீர்கள் என்பதை முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள்.

கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிக்கொல்லி மாத்திரைகளைச் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் தருவர். நான்கு நாளில் எரிச்சல் நின்றதென்று இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். மருத்துவம் முடிந்து நான்கு வாரம் கழித்துக் கிருமி அகன்றதா என மறு ஆய்வு செய்துகொள்வது நன்று. கிருமி அகன்றால் பெரும்பாலோர்க்குப் புண் மீண்டும் வருவதில்லை. நம் உடன் ஆசிரியர் வாழ்நாள் முழுதும் சுமந்த நோய் இன்று பதினான்கு நாள் மருந்துக்கு அடங்குகின்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1988 முதல் 2008 வரையிலான எண்டோஸ்கோப்பிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, முன்சிறுகுடற்புண் காணப்பட்ட விகிதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

நம் நோன்பும் மருந்தும்

நம் இல்லத்தார் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் சில வினாக்களை இங்கு எடுத்துக்கொள்வோம்.

இரவில் உண்ணாதவர் மருந்தை எப்போது உண்பது? அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை உணவுக்கு அரைமணி முன்னர் உண்பது வழக்கம். காலை உணவுக்கு முன்னும், மாலை உணவுக்கு முன்னும் என அமைத்துக்கொள்ளலாம். நம் வழக்கத்தை முதலிலேயே மருத்துவரிடம் சொன்னால், மற்ற மாத்திரைகளையும் அதற்கேற்ப வகுத்துத் தருவார்.

குளிகை உறைகள் எவற்றால் ஆனவை? பெரும்பாலான குளிகைகளின் உறை, விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் என்பதாலானது. ஒமிப்ரசோல் பெரும்பாலும் குளிகையாகவே வருகின்றது. அதே வேலையைச் செய்யும் பேன்டாப்ரசோல் மாத்திரையாகவே கிடைக்கின்றது. அமாக்சிசிலினும் மாத்திரை வடிவில் உண்டு. உறையைக் கண்டு மருந்தையே விட்டுவிட வேண்டா. மாத்திரையாக எழுதித் தருமாறு கேளுங்கள்.

கிருமியைக் கொல்வது இம்சை அன்றோ? நம் தமக்கையாரே மருத்துவமனைப் படுக்கையில் இவ்வாறு கேட்டார். இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்பட்டது, கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை. உயிரைக் காத்துக்கொள்ள மேற்கொள்ளும் மருத்துவம் அவ்வகையன்று என்று நாம் கூறினோம். மனித உடலைக் காப்பது அறம் செய்வதற்கே என்பதையும் நினைவூட்டினோம். அவர் சிந்தித்துப் பின் ஏற்றுக்கொண்டார்.

புண் உள்ளவர் உபவாசம் இருக்கலாமா? உபவாசம் புண்ணை உண்டாக்குவதில்லை. ஆயினும் ஆறாத புண் உள்ளவரும், வலி மாத்திரை உண்பவரும், அண்மையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவரும் மருத்துவரிடம் கேட்காமல் உபவாசம் மேற்கொள்ளலாகாது. பதினாறு பாவனைகளுள் சக்திக்கேற்ற தவம் என்பதும் ஒன்றன்றோ? உடலின் வலிமையை அளந்து தவம் செய்வதும் அந்நெறியின்பாற்பட்டதே. உணவைக் குறைக்க இயலாதோர் சுவையைக் குறைக்கலாம், பேச்சைக் குறைக்கலாம், சினத்தைக் குறைக்கலாம். சுவாத்தியாயத்தைக் கூட்டலாம். நோயை மறைத்து நோற்பது தவத்தைக் கூட்டாது. பிறகு இல்லத்தார் அனைவர்க்கும் துன்பத்தையே கூட்டும்.

நிறைவாக

நம் தமக்கையார் நலம் பெற்று ஊர் திரும்பினார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, முதுமையால் அமைதியாக மறைந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் தசலட்சண பர்வம் வந்தால் ஜினாலயத்தில் நோன்பிருக்கும் முதிய பெண்டிரின் அருகில் அமர்ந்து, இரண்டு வினாக்களைக் கூசாமல் கேட்பார்: "வலிக்கு மாத்திரை உண்கின்றீர்களா? மலம் கறுத்ததா?" முதலில் இளையவர் சிரித்தனர். பிறகு அவர்களும் தங்கள் மாமியாரிடம் அவ்வாறே கேட்கலாயினர். நாணத்தால் உயிர்போகும் நிலை வரை சென்றவர், நாணத்தை விட்டுப் பிறரைக் காத்தார். அதுவும் ஔடத தானமே எனக் கொள்கின்றோம். அவ்விரு வினாக்களையும் இன்றே உங்கள் இல்லத்து முதியோரிடம் கேட்டுப் பாருங்கள்.

மீள்பார்வை வினாக்கள் (இல்லத்தில் கூடி விடை காண்க)

1. ஈயம் பூசிய பாத்திரத்தை எடுத்துக்காட்டி, வயிற்றுப்புண் உண்டாகும் முறையை விளக்குக.
2. வயிற்றுப்புண்ணின் இரு முதன்மைக் காரணங்கள் யாவை?
3. வலி மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் புண் வருவது ஏன்?
4. நள்ளிரவு எரிச்சலை நம் இல்லங்களில் பசி எனத் தவறாகக் கொள்வது எதனால்?
5. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நான்கு அறிகுறிகளைக் கூறுக.
6. நம் இல்லத்தில் நாள்தோறும் வலி மாத்திரை உண்பவர் எவர்? எத்தனை நாளாக? மருத்துவரைக் கேட்டு உண்கின்றாரா? இதற்கு மட்டும் விடையை எழுதிவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுக.